பழைய அடுக்குமாடியில் ஆஸ்பெஸ்டாஸ்: விட்டுவைப்பதா, மூடுவதா, அகற்றுவதா?

பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் சீரமைப்பு வேலை தொடங்கப்போகிறது என்று அறிவிப்பு ஒட்டியதும், எத்தனை நாள் தண்ணீர் வராது, லிஃப்ட் ஓடுமா, சத்தம் எத்தனை மணி வரைக்கும் இருக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் என்ன பொருள் இருக்கிறது, அதை உடைத்தால் எழும் தூசி யாருடைய மூச்சில் போய்ச் சேரும் என்று கேட்பவர்கள் குறைவு. வேலை தொடங்குவதற்கு முன்னால் கேட்டால்தான் இந்தக் கேள்விக்குப் பயன் உண்டு, தொடங்கிய பிறகு கேட்டால் பதிலை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது தெரிந்துவிட்டால் நம் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. தொடாமல் விட்டுவைக்கலாம். பூசியோ அடைத்தோ மூடிவிடலாம். ஆட்கள் குடியிருக்கும்போதே தடுப்பு கட்டி அகற்றலாம். ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு அகற்றலாம். நடைமுறையில் ஐந்தாவதாக ஒன்றும் நடக்கிறது: எதையும் சோதிக்காமல் வழக்கமான வேலையாட்களை வைத்து உடைக்கத் தொடங்கிவிடுவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை அந்தப் பொருளைத் தொடாது என்றால் விட்டுவையுங்கள். தொடும் என்றால் முறைப்படி அகற்றுங்கள், அதிலும் எளிதில் பொடியாகிற வகை என்றால் அந்த நாட்களில் அங்கே குடியிருக்காதீர்கள். ஐந்தாவது வழியை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

எந்தத் தூசி, எவ்வளவு ஆபத்து

நாராகப் பிரியும் ஆறு கனிமங்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர்தான் ஆஸ்பெஸ்டாஸ். உலகம் பயன்படுத்தியதில் மிகப் பெரும்பகுதி கிரைசோடைல் என்கிற வெள்ளை வகை, அடுத்து அமோசைட் என்கிற பழுப்பு வகையும் குரோசிடோலைட் என்கிற நீல வகையும். ஆறுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வரும் மீசோதீலியோமா, குரல்வளைப் புற்றுநோய், சூலகப் புற்றுநோய் எல்லாமே இதனால் வரும் என்பது உறுதியாகியிருக்கிறது. "எங்கள் கட்டடத்தில் இருப்பது வெள்ளை வகைதான், பயப்பட வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

கண்ணில் படும் வெள்ளைத் தூசியை விடக் கண்ணில் படாததுதான் கவலைக்குரியது. ஆய்வகங்கள் காற்றில் எண்ணும் நார் 5 மைக்ரானுக்கு மேல் நீளமும் 3 மைக்ரானுக்குக் குறைவான தடிமனும் கொண்டது. தலைமுடியின் தடிமன் 50 மைக்ரானுக்கும் மேலே இருக்கும் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் புரியும். இவ்வளவு மெல்லிய நார் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும், கீழே படிந்த பிறகும் யாராவது துடைப்பத்தால் பெருக்கினால் திரும்பவும் எழும். அறை சுத்தமாகத்தான் தெரிகிறது என்பது இங்கே எதற்கும் சான்று ஆகாது.

நோய் வெளிப்பட 20 ஆண்டுகளிலிருந்து 50 ஆண்டுகள் வரை ஆகலாம். வேலையிடத்தில் இந்த நாரைச் சுவாசித்ததால் மட்டும் உலகில் ஆண்டுக்கு 2,00,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரும்பாலானோர் பல ஆண்டுகள் அந்தத் தூசியிலேயே வேலை செய்தவர்கள், ஒரு வாரம் பக்கத்து வீட்டில் இடித்ததைச் சகித்துக்கொண்டவர்கள் அல்ல, இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு முறை, குறைந்த நேரம் சுவாசித்தவருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் இந்த அளவுக்குக் கீழே போனால் ஆபத்தே இல்லை என்று ஒரு வரம்பை யாரும் காட்டவில்லை. 1960-ல் தென்னாப்பிரிக்காவின் நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பகுதியிலிருந்து வாக்னரும் அவருடைய சகாக்களும் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள், சிறுவயதில் அந்தப் பக்கம் வசித்தவர்கள். குடியிருப்பவர்களைப் பற்றிய கவலை அறிவியலுக்குள் வந்தது அப்படித்தான்.

வயதையும் பார்க்க வேண்டும். 5 வயதில் முதன்முதலாக நாரைச் சுவாசிக்கும் குழந்தைக்கு, 30 வயதில் அதே அளவு சுவாசிப்பவரை விட, வாழ்நாளில் மீசோதீலியோமா வரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு என்று பிரிட்டனின் புற்றுநோய்க் காரணிகள் குழு 2013-ல் சொன்னது. நோய் வளர்வதற்கு அந்தக் குழந்தைக்கு முன்னால் அத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்பதே முக்கியக் காரணம். புகைப்பவர்களின் கதை வேறு மாதிரி. வெப்பக்காப்பு வேலை செய்தவர்களைப் பற்றி 1979-ல் வந்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஆஸ்பெஸ்டாஸால் மட்டும் ஏறத்தாழ 5 மடங்கும், புகையால் மட்டும் 11 மடங்கும், இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 50 மடங்குக்கு மேலும் ஏறியிருந்தது.

முதலில் சோதனை, அப்புறம்தான் ஒப்பீடு

சோதனை முடிவு கையில் இல்லாமல் நான்கு வழிகளை ஒப்பிட்டுப் பேசுவதில் அர்த்தமே இல்லை. கட்டிய ஆண்டு ஒரு குறிப்பு மட்டும்தான் தரும். ஐஸ்லாந்து 1983-லேயே தடை செய்தது, பிரிட்டனில் வெள்ளை வகைக்கு 1999-ல்தான் தடை, ஆஸ்திரேலியாவில் 2003-ன் கடைசி நாள், ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2005, கனடாவில் 2018. அமெரிக்காவில் 1989-ல் கொண்டுவந்த தடையை 1991-ல் நீதிமன்றம் பெரும்பாலும் ரத்து செய்துவிட்டது, 2024-ல்தான் கிரைசோடைலுக்கு மறுபடி தடை வந்தது. இன்னும் தடையே இல்லாத நாடுகளும் உண்டு. ஆகவே உங்கள் கட்டடம் எழுந்த ஆண்டோடு அந்த நாட்டில் தடை வந்த ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள், தடைக்கு முன்போ அதை ஒட்டியோ கட்டியது என்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு சோதியுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அலை அலையான கூரைத் தகடு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அடுக்குமாடிக்குள் அது இருக்கும் இடங்கள் ஏராளம்: பாய்லர் அறையிலும் செங்குத்துக் குழாய்களிலும் சுற்றிய வெப்பக்காப்பு உறை, எஃகு உத்தரங்களில் தீத்தடுப்புக்காகத் தெளித்த பஞ்சு போன்ற பூச்சு, சொரசொரப்பான அலங்காரக் கூரைப் பூச்சு, வினைல் தரை ஓடுகள், அவற்றுக்கு அடியில் இருக்கும் கறுப்புப் பசை, லிஃப்ட் குழியிலும் மின்பலகைக்குப் பின்னாலும் அடித்த காப்புப் பலகை, தீக்கதவின் உட்புறம், ஜன்னல் சட்டத்தைச் சுற்றிய மக்கு, சிமெண்டுக் கழிவுக் குழாய், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. குழாய் உறையைப் பார்த்திருப்பீர்கள், வெளியே துணி சுற்றிச் சுண்ணாம்பு போல வெள்ளை அடித்திருக்கும், நேரான இடத்தில் நன்றாகவே இருக்கும், வளைவில்தான் கிழிந்து உள்ளே இருப்பது தூள் தூளாகத் தெரியும், அதற்கு நேர் கீழே தரையில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு இருக்கும். அதை விரல் வைத்துப் பார்க்கவே கூடாது.

ஆய்வு என்று சொல்லி இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறார்கள், இங்கேதான் பல குடியிருப்போர் சங்கங்கள் ஏமாந்துபோகின்றன. ஒன்று, அன்றாடப் பராமரிப்புக்கான ஆய்வு, கண்ணுக்குத் தெரியும் இடங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போவது. இன்னொன்று சீரமைப்புக்கு முந்தைய ஆய்வு, சுவரைத் துளைத்து, பலகையைக் கழற்றி, தரையைப் பெயர்த்து, வேலை தொடப்போகும் இடத்தையெல்லாம் திறந்து பார்ப்பது. பிரிட்டனின் வழிகாட்டிகள் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துவைத்திருக்கின்றன, அந்தப் பிரிப்பு எங்கே இருப்பவருக்கும் பொருந்தும். குளியலறையை மொத்தமாக உடைக்கப்போகிறீர்கள் என்றால் முதல் வகை அறிக்கை உங்களுக்கு ஒன்றுக்கும் உதவாது. அறிக்கை கைக்கு வந்ததும் "பார்க்க முடியாத இடங்கள்" என்று எதையெல்லாம் குறித்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் வேலை நடக்கப்போகிற இடமே அந்தப் பட்டியலில் இருக்கும்.

மாதிரி எத்தனை எடுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். அமெரிக்கப் பள்ளிகளுக்கான விதியில், பூச்சு வகைக்கு 1,000 சதுர அடி வரை குறைந்தது 3 மாதிரி, 5,000 வரை 5, அதற்கு மேல் 7 என்று ஒரு கணக்கு இருக்கிறது. கூரைப் பூச்சை அந்தக் காலத்தில் அங்கேயே கலக்கி அடித்தார்கள், ஒரு மூலையில் நார் இருக்கும், இன்னொரு மூலையில் இருக்காது, அதனால்தான் ஒரே ஒரு மாதிரியை எடுத்துவிட்டு "இல்லை" என்று சொல்வதை நம்ப முடியாது. அப்புறம், சோதிப்பவரும் அகற்றுபவரும் ஒரே நிறுவனமாக இருக்கக் கூடாது. அகற்றினால் லாபம் பார்க்கிற ஆள் கண்டுபிடிப்பதையும், முடிந்தது என்று சான்று கொடுக்கிற ஆள் முடிக்காமல் விட்டதையும் நாம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கும்.

முடிவில் இருக்கிறது என்று வந்துவிட்டால் அடுத்து கேட்க வேண்டியது, கையால் நசுக்கினால் பொடியாகுமா என்பது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற கேள்வி. தெளித்த பூச்சில் 85 சதவீதம் வரைக்கும்கூட நார் இருக்கலாம், அதைப் பிடித்துவைக்கிற பொருள் மிகக் குறைவு, தொட்டால் உதிரும். சிமெண்டுத் தகட்டில் பொதுவாக 10 முதல் 15 சதவீதம், அதுவும் சிமெண்டுக்குள் இறுகிப்போய் இருக்கிறது. வினைல் ஓட்டில் இன்னும் இறுக்கம். காப்புப் பலகை இடையில் நிற்கிறது, பார்க்கச் சாதாரணப் பலகை மாதிரி இருக்கும், அதனாலேயே ஆட்கள் கவலைப்படாமல் உடைக்கிறார்கள், உடைத்தால் நிறைய நார் வெளியே வரும். ஆனால் இறுகிய பொருளை மின்கருவியால் அறுத்தாலோ தேய்த்தாலோ அதுவும் பொடியாகிற வகையாகவே மாறிவிடும்.

விட்டுவைப்பது

பலருக்கு இது கோழைத்தனமாகப் படுகிறது, "விஷத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டா இருப்பது?" என்று கேட்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும், யாரும் தொடாத பொருளிலிருந்து பொதுவாக நார் வெளியே வருவதில்லை. அதைத் தேவையில்லாமல் அகற்றப் போனால்தான் காற்றில் கலக்கும். தரை ஓடு கெட்டியாக ஒட்டியிருக்கிறது, உங்கள் சீரமைப்பு ஜன்னல் மாற்றுவதோடு முடிகிறது என்றால் அந்த ஓட்டைத் தொடாதீர்கள். அதன் மேலேயே புதுத் தரை விரித்துவிடலாம், பல வீடுகளுக்கு அதுவே சரியான வழி.

ஆனால் விட்டுவைப்பது என்றால் மறந்துவிடுவது அல்ல. எங்கே இருக்கிறது, என்ன வகை, எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பதிவேடு இருக்க வேண்டும், குறிப்பிட்ட இடைவெளியில் யாராவது போய்ப் பார்க்க வேண்டும், கேபிள் இழுக்க வருகிறவரும் குழாய் பழுது பார்க்க வருகிறவரும் துளை போடுவதற்கு முன் அந்தப் பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும். அடுக்குமாடியில் இந்த வழி தோற்றுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் பொருள் அல்ல, ஆட்கள்தான்: நிர்வாகம் மாறும், வீடு கைமாறும், பதிவேடு எங்கேயோ தொலையும், ஐந்தாவது மாடியில் புதிதாக வந்தவர் கூரையைச் சுரண்டிப் பூசலாம் என்று ஒரு நாள் காலையில் ஏணியைப் போட்டு ஏறுவார். உங்கள் கட்டடத்தில் அப்படிப்பட்ட ஒழுங்கு நிலைக்காது என்று உங்களுக்கே தெரிந்தால், காகிதத்தில் இந்த வழி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மூடுவது

இதில் இரண்டு விதம் உண்டு. பொருளுக்குள் ஊறி நாரைக் கட்டுகிற திரவத்தையோ மேலே தோல் போலப் படிகிற பூச்சையோ அடிப்பது ஒன்று, காற்றுப் புகாதபடி சுற்றிலும் பலகை அடித்து அடைப்பது மற்றொன்று. செலவும் தூசியும் அகற்றுவதை விடக் குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். குழாய் உறையில் ஓரிரு இடம் கிழிந்திருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது என்றால் மூடுவது போதும்.

எனக்கு இதில் இரண்டு தயக்கம். ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருக்கும் பூச்சின் மேல் கனமான திரவம் அடித்தால், அந்தப் பாரத்தைத் தாங்காமல் பூச்சே பெயர்ந்து விழலாம். தண்ணீர் கசிகிற இடத்திலும் மூடுவது நிலைக்காது. இரண்டாவது தயக்கம், மூடியதை ஒரு நாள் யாராவது திறந்துதான் ஆக வேண்டும். இன்னும் பத்து ஆண்டில் அந்தக் குழாயையே மாற்றப்போகிறீர்கள் என்றால் இப்போது மூடுவதற்கும் அப்போது அகற்றுவதற்கும் சேர்த்து இரண்டு முறை செலவு செய்கிறீர்கள், இரண்டு முறை ஆட்களைத் தூசிக்குப் பக்கத்தில் நிறுத்துகிறீர்கள். பெரிய சீரமைப்பு எப்படியும் நடக்கிறது, சுவர் எப்படியும் திறந்திருக்கிறது என்றால் அப்போதே அகற்றிவிடுவதுதான் நல்லது.

அகற்றுவது: உள்ளே இருந்துகொண்டா, வெளியே போய்விட்டா

உண்மையான சண்டை இங்கேதான். நிர்வாகம் "தடுப்பு கட்டித்தானே செய்கிறோம், நீங்கள் இருக்கலாம்" என்று சொல்லும், சிலருக்குப் போக வேறு இடம் இருக்காது, சிலர் முதியவர்களை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று கேட்பார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். அதனால் தடுப்பு என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம்.

சரியான தடுப்பு என்பது வாசலில் ஒரு பிளாஸ்டிக் திரையைத் தொங்கவிடுவது அல்ல. வேலை நடக்கும் பகுதி முழுக்கத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் சீல் வைத்திருக்க வேண்டும், காற்றோட்டக் குழாயும் குளிர்சாதன வழியும் அடைபட்டிருக்க வேண்டும், மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த விசிறி உள்ளே இருக்கும் காற்றை இழுத்து வடிகட்டி வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி இழுப்பதால் உள்ளே அழுத்தம் குறைந்து, எங்கே ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர உள்காற்று வெளியே வராது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி மணிக்கு குறைந்தது 4 முறை காற்று மாற வேண்டும், அழுத்த வேறுபாடு குறைந்தது 0.02 அங்குல நீர் அளவு, அதாவது ஏறத்தாழ 5 பாஸ்கல் இருக்க வேண்டும் என்கிறது. நடைக்கூடத்திலிருந்து உங்களாலேயே ஓரளவு பார்க்க முடியும்: விசிறி ஓடும்போது பிளாஸ்டிக் சுவர் உள்பக்கம் குழிந்து இழுபட்டு நிற்க வேண்டும். உங்கள் பக்கம் உப்பிக்கொண்டோ தளர்ந்து தொங்கிக்கொண்டோ இருந்தால் ஏதோ சரியில்லை, உடனே சொல்லுங்கள். அழுத்தமானி எங்கே வைத்திருக்கிறார்கள், இரவில் விசிறி ஓடுகிறதா, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள்.

வேலையாட்கள் நுழைந்து வெளியேற மூன்று அறை கொண்ட சுத்திகரிப்பு வழி இருக்க வேண்டும், நடுவறையில் குளியல். பொருளை நனைத்துத்தான் பெயர்க்க வேண்டும், சோப்பு மாதிரி ஒன்றைத் தண்ணீரில் கலந்தால் உள்ளே நன்றாக ஊறும். கழிவு இரட்டைப் பையில் கட்டி, எச்சரிக்கை எழுதி, மற்றவர்கள் பயன்படுத்தாத நேரத்தில், தனி வழியில் கீழே போக வேண்டும். அகற்றிய மூட்டைகளை நீங்கள் ஏறும் லிஃப்டிலேயே கொண்டுபோகிறார்கள் என்றால் மற்ற ஏற்பாடுகள் எப்படி இருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் இருந்தாலும் அடுக்குமாடிக்கு என்று ஒரு தொல்லை உண்டு, கட்டடத்துக்குள் காற்று செங்குத்தாகப் போகிறது. குழாய்கள் ஏறும் சந்து, லிஃப்ட் குழி, மின்கம்பி வழி, குளியலறைக் காற்றோட்டக் குழாய் எல்லாமே மாடிகளை ஒன்றோடொன்று இணைக்கின்றன, குளிர்காலத்தில் கட்டடத்தின் சூடான காற்று மேலே ஏறுகிறது, லிஃப்ட் போய்வரும்போதே குழியிலுள்ள காற்றைத் தள்ளி இழுக்கிறது. இரண்டாம் மாடியில் வேலை என்றால் இரண்டாம் மாடிக்காரருக்கு மட்டும்தான் கவலை என்று நினைக்கக் கூடாது. உங்கள் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து பாருங்கள், குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு இடைவெளி இருக்கும், பக்கத்து வீட்டில் சமைப்பது உங்களுக்கு மணப்பது அந்த வழியாகத்தான், தூசியும் அந்த வழியாகத்தான் வரும். உள்ளேதான் இருக்கப்போகிறீர்கள் என்றால் வேலைக்கு முன் அந்த இடைவெளிகளை எல்லாம் அடைத்துவிடுங்கள், வேலைப் பகுதியோடு இணைந்த காற்றோட்ட விசிறியை ஓட்டாதீர்கள்.

பெரிய கட்டடங்களின் அனுபவம் இரண்டு பக்கமும் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையத்தின் பெர்லேமான் கட்டடத்தை 1991-ல் முழுக்கக் காலி செய்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸை அகற்றினார்கள், ஆட்கள் திரும்பி வந்தது 2004-ல். பாரிஸின் மோன்பர்னாஸ் கோபுரத்தில் 2005-ல் ஆஸ்பெஸ்டாஸ் பிரச்சினை வெளிவந்த பிறகு, ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பகுதி பகுதியாக அகற்றினார்கள். அங்கே காற்றிலிருந்த நாரின் அளவு சட்ட வரம்பைத் தாண்டியது, சில வாடகைதாரர்கள் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். காலி செய்தால் காலம் இழுக்கும், காலி செய்யாவிட்டால் கட்டுப்பாடு நழுவும். இரண்டுமே அலுவலகங்கள், மாலையானால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாம் பேசுவது அந்த வீட்டைப் பற்றி, இரவிலும் அங்கேதான் மூச்சு விடுகிறோம்.

இதனால்தான் வேலையிட வரம்பைக் குடியிருப்பவர்களுக்குக் காட்டும் அறிக்கைகளை நான் ஏற்பதில்லை. ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 0.1 நார் என்பது பல நாடுகளில் வேலையாட்களுக்கான வரம்பு, 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதையே பத்தில் ஒரு பங்காக, 0.01 ஆகக் குறைத்துச் சட்டம் போட்டது. அது தேவைப்பட்டால் முகமூடி அணியக்கூடிய, பயிற்சி பெற்ற பெரியவர் எட்டு மணிநேரம் வேலை செய்வதற்கான சராசரிக் கணக்கு. கைக்குழந்தைக்கு முகமூடி கிடையாது, வேலை நேரம் முடிவதும் கிடையாது. பிரான்சில் கட்டடத்துக்குள் இருப்பவர்களுக்கான அளவு லிட்டருக்கு 5 நார், அதாவது ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.005. யாராவது உங்களிடம் "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்றால் யாருக்கான வரம்பு என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆகவே என் கணக்கு இப்படிப் போகிறது. உங்கள் வீட்டுக்குள்ளேயே பொடியாகும் வகையை எடுக்கிறார்கள் என்றால் வெளியேறுங்கள், இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. உங்கள் மாடியிலோ, உங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிப் போகும் குழாய்ச் சந்திலோ எடுக்கிறார்கள் என்றால் குழந்தை, கர்ப்பிணி, நுரையீரல் நோய் உள்ளவர் இருக்கும் வீட்டார் முதலில் போகட்டும், முடிந்தால் எல்லோரும் போகட்டும். வேறு மாடியில், தடுப்பும் தினசரி காற்று அளவீடும் சரியாக இருக்கிறது என்றால் இருக்கலாம். வெளியில் சிமெண்டுத் தகட்டை முழுதாக, உடைக்காமல், நனைத்து, திருகாணி கழற்றி இறக்குகிறார்கள் என்றால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தாலே போதும். தரை ஓட்டை முழுசு முழுசாகப் பெயர்ப்பதிலும் ஆபத்து அதே போலக் குறைவுதான். ஆனால் அடியிலிருக்கும் கறுப்புப் பசையை இயந்திரம் வைத்துத் தேய்க்கப்போகிறார்கள் என்றால் கணக்கு மாறிவிடுகிறது, அது பொடியாகும் வகைக்கான வேலை. மாற்று இருப்பிடத்துக்கு யார் பணம் கொடுப்பது என்பதை வேலை தொடங்குவதற்கு முன்பே சங்கம் முடிவு செய்தாக வேண்டும், அப்போது தீர்க்காமல் விட்டால் பணம் இருப்பவர்கள் போய்விடுவார்கள், இல்லாதவர்கள் தூசியோடு இருப்பார்கள். இதை எந்தக் கூட்டத்திலும் நான் உரக்கவே சொல்வேன்.

போனால் எப்போது திரும்பலாம்? வேலை முடிந்தது என்று ஒப்பந்ததாரர் சொல்லும் நாளில் அல்ல. பிரிட்டனில் நான்கு கட்டச் சோதனை இருக்கிறது: இடத்தையும் வேலை முடிந்த நிலையையும் முதலில் சரிபார்ப்பார்கள், தடுப்புக்குள் போய்க் கண்ணால் தேடுவார்கள், தூசியை வேண்டுமென்றே கிளப்பிவிட்டுக் காற்றை அளப்பார்கள், தடுப்பைக் கழற்றிய பிறகு கடைசியாக ஒரு முறை பார்ப்பார்கள். காற்றில் நாரின் அளவு ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.01-க்குக் கீழே வந்தால்தான் மூன்றாவது கட்டம் தேறும். சாதாரண நுண்ணோக்கியால் எண்ணும்போது ஆஸ்பெஸ்டாஸ் நாரையும் மற்ற நாரையும் பிரித்துச் சொல்ல முடியாது, மிக மெல்லியவை அதில் தெரியவே தெரியாது, எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும் என்று கேட்டு வாங்குவது நல்லது.

அகற்றிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1968 முதல் 1979 வரை வீடுகளின் கூரைக்குள் எதோடும் பிணையாத ஆஸ்பெஸ்டாஸ் பஞ்சை ஊதி நிரப்பினார்கள். 1988-லிருந்து 1993 வரை அரசே அகற்றியது. பிறகும் சுவர் இடுக்குகளில் நார் கிடைத்தது, கடைசியில் 2014-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அரசு விலை கொடுத்து வாங்கி இடிப்பது என்று முடிவானது. பொடியாகும் வகையை ஓரளவுக்கு அகற்றுவது என்று ஒன்று கிடையாது.

சோதிக்காமல் தொடங்குவது

இதைத் தேர்வு என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் அதிகம் நடப்பது இதுதான். "சும்மா ஒரு ஓடு மாற்றுவதுதானே", "ஒரே நாளில் முடித்துவிடுவோம்". அமெரிக்கக் காற்று மாசு விதி, நான்கு வீடுகளுக்கு மேல் உள்ள குடியிருப்புக் கட்டடங்களில் சீரமைப்புக்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வைக் கட்டாயமாக்குகிறது, உங்கள் நாட்டிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவையுங்கள், எழுத்தில் கேட்கும்போது அது கைகொடுக்கும். பணத்தின் கணக்கிலும் இந்த வழி நிற்காது. நார் பரவிய பிறகு சுத்தம் செய்வது ஒரு அறையோடு முடியாது, கம்பளம், மெத்தை, திரைச்சீலை, காற்றோட்டக் குழாய் எல்லாம் சேரும், பல பொருள்களைத் தூக்கிப்போடத்தான் வேண்டியிருக்கும், அதுவரை அந்தக் குடும்பங்கள் வெளியேதான்.

ஏற்கெனவே நடந்துவிட்டது, பக்கத்தில் கூரையைச் சுரண்டிவிட்டார்கள், உங்கள் வீட்டில் தூசி படிந்திருக்கிறது என்றால்: பெருக்காதீர்கள், சாதாரண வாக்குவம் கிளீனரைப் போடாதீர்கள், அது நாரைப் பிடிக்காமல் பின்பக்கம் ஊதி அறை முழுக்கப் பரப்பும். விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்துங்கள், அந்த அறையைச் சாத்துங்கள், வேலையை எழுத்து மூலம் நிறுத்தச் சொல்லுங்கள், படிந்த தூசியையும் உடைத்த பொருளையும் சோதனைக்கு எடுக்கச் சொல்லுங்கள். கொஞ்சமாகப் படிந்ததை நீங்களே துடைத்தாக வேண்டிய நிலை என்றால் ஈரத் துணியால் ஒரே திசையில் துடைத்து, துணியைத் திரும்ப அலசாமல் அப்படியே பையில் கட்டிவிடுங்கள், பி-100 அல்லது எஃப்.எஃப்.பி-3 தரத்து முகமூடி முகத்தோடு இறுகப் பொருந்தியிருக்க வேண்டும், துணி முகமூடியும் அறுவைச் சிகிச்சை முகமூடியும் இதற்கு ஆகாது. உடனே எக்ஸ்ரே எடுக்க ஓட வேண்டாம், அதில் ஒன்றும் தெரியாது. எந்த நாள், எவ்வளவு நேரம், என்ன பொருள் என்று எழுதிவைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். வீட்டில் புகைப்பவர் இருந்தால் நிறுத்துவதற்கு இதை விட வலுவான காரணம் தேட வேண்டாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் சங்கம் எழுத்தில் வாங்க வேண்டியவை இவை: சீரமைப்புக்கு முந்தைய ஆய்வின் முழு அறிக்கை, அகற்றுபவரின் உரிமம், தடுப்பின் வரைபடம், யார் காற்றை அளப்பார் என்பதும் அவருக்கும் ஒப்பந்ததாரருக்கும் தொடர்பில்லை என்ற உறுதியும், தினசரி அளவீட்டை எந்தப் பலகையில் எத்தனை மணிக்கு ஒட்டுவார்கள் என்பதும், எந்த அளவைத் தாண்டினால் வேலை நிற்கும் என்பதும், கழிவு போய்ச் சேர்ந்த இடத்தின் ரசீதும், திரும்பி வருவதற்கான சான்றும். வேலை முடிந்த பிறகு எதை எடுத்தோம், எதை விட்டுவைத்தோம் என்று மாடிவாரியாகக் குறித்த வரைபடம் ஒன்று பராமரிப்பு அறையிலும், ஒரு நகல் ஒவ்வொரு வீட்டுப் பத்திரக் கட்டோடும் இருக்கட்டும், வீடு கைமாறும்போது அதுவும் சேர்ந்து போகட்டும்.